காமாரியாவின் பாதி வீடு

பினாங்கு சூலியா தெருவில் அடுத்தடுத்து இருந்த இரண்டு வீடுகளை வாங்கி, நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கினார் கப்பல் வியாபாரி ஹபீப் முகம்மது. வேலை செய்தவன் சுப்பையா கொத்தனார்.

"ரெண்டு படிக்கட்டு எதுக்கு? வர்ற ஆம்பளைங்க வழி தவறி மேல வந்துருவாங்க. எடப்பக்கத்தத எடுத்துருங்க அண்ணே" என்று திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள் வியாபாரியின் மனைவி காமாரியா. சுப்பையா எடுத்துவிட்டான். இடப்பக்க வாசலில் நிற்பவர் யாரென்று மேலிருந்தே பார்க்க, மாடித் தரையில் ஒரு சாண் ஓட்டையும் விட்டுக் கொடுத்தான்.

1926-ல் வியாபாரி மவுத்தானார். பிள்ளை இல்லை. வலப்பக்க வீடு தன் தம்பி காஜா மொய்தீனுக்கு, குடியிருக்கும்வரை இடப்பக்க வீடு காமாரியாவுக்கு, அவள் வெளியேறினால் அதுவும் தம்பிக்கு என்று எழுதியிருந்தார். தம்பிக்கு வயிறு எரிந்தது. காமாரியா கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. அந்த நேரம் பார்த்து அவன் சுப்பையாவைக் கூப்பிட்டான்.

"பழைய நடுச்சுவர எழுப்பு. மேலயும் கீழயும்."

"படிக்கட்டு உங்க பக்கம் போயிருமே முதலாளி. அம்மா எப்படி எறங்குவாங்க?"

"இத்தாவுல இருக்கிறவ எதுக்கு எறங்கணும்?"

கூலிக்காரன் என்ன செய்வான், கட்டினான். மாடியில் கடைசிக் கல் வைக்குமுன் குரல் கொடுத்தான். "இப்பவே இந்தப் பக்கம் வந்துருங்கம்மா."

"வந்தா வீடு போயிருமே அண்ணே. அடைங்க."

"இத்தா முடிஞ்ச மறுநாளே புதுப் படிக்கட்டு வெச்சுத் தர்றேன்."

அன்றிலிருந்து வேலைக்காரி சின்னம்மா ஓட்டைக்குக் கீழே நின்று சோற்றுத் தூக்கைக் கயிற்றில் கட்டுவாள். காமாரியா மேலே இழுத்துக்கொள்வாள். சுப்பையா படிக்கட்டுக்குப் பலகை வாங்கி வைத்தான்.

இத்தா முடிய நாலு நாள் இருக்கையில் தூக்கு மேலே போகவில்லை. முனகல்தான் கேட்டது. சின்னம்மா சுங்கை பினாங்கில் இருந்த சுப்பையாவின் வீட்டுக்கு ஓடிவந்து அழுதாள். சுப்பையா சுத்தியலோடு போனான். காஜா மொய்தீன் வாசலிலேயே மறித்தான்.

"இத்தாவுல இருக்கிற பொம்பளகிட்ட உன்னய விடவா? ஊரு என் மூஞ்சில துப்பும்லா. நாலு நாள் பொறு."

கூடியிருந்தவர்களும் அதுதான் முறை என்று தலையாட்டினார்கள். சுப்பையாவும் திரும்பி வந்தான், பாவி. பிறகு ஆயுசு முழுக்க அவனை அரித்தது அந்தத் திரும்பல்தான்.

மூன்றாம் நாள் காஜா மொய்தீனிடமிருந்து ஆள் வந்தது. பிணத்தைச் சுமக்கும் சந்தூக்கு இறங்க வழி வேண்டுமாம், சுவரை உடைக்க வேண்டுமாம். உடைத்தான். வலப்பக்கப் படிக்கட்டு வழியாகக் காமாரியாவைத் தூக்கிப் போனார்கள்.

"மறுபடி அடைக்கணுமா?" என்றான் சுப்பையா.

காஜா மொய்தீன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வீட்டை ஒருமுறை பார்த்தான்.

"எதுக்கு? கல்ல வாரிட்டுப் போ."