திறந்திருந்த ஒரு கணினி

கண்டியில் இருந்த அந்தச் சின்ன இணையக் கம்பனியில் தளங்களை மறிப்பதும் திறப்பதும் தவமணியின் வேலை. வன்னியில் சண்டை முற்றிய மாசி மாதம், ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தை மறிக்கச் சொல்லித் தொலைபேசியில் கட்டளை வந்தது. யாழ்ப்பாணத்துக்காரியின் கையாலேயே செய்ய வைத்தார்கள், என்ன பொருத்தம் பாருங்கள்!

“எந்தச் சட்டத்திலை இருக்கு, சேர்? எழுத்திலை தரட்டுமே” என்று மேலாளர் மஹ்ரூபிடம் சண்டை பிடித்தாள்.

“லைசன்ஸ் குடுத்தவங்க சொன்னா கேக்கத்தானே வேணும் தங்கச்சி. அரசாங்கத்தோட நாங்க சட்டம் பேச ஏலுமா?”

மறித்தாள். தளம் இயங்குகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, மறிப்புக்குள் அகப்படாமல் ஒரு கணினி மட்டும் திறந்திருப்பது தொழில் வழக்கம். அதைச் சாட்டாக வைத்து, தினமும் பத்து மணிக்கு அதன் முன்னால் குந்திவிடுவாள். கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்ட காயக்காரரின் பெயர்கள் அந்தத் தளத்தில்தான் வந்தன. புதுக்குடியிருப்பில் இருந்த அக்கா இராசமணியிடமிருந்து ஒரு மாதமாகச் சத்தமே இல்லை.

அதோடு விட்டாளா? தபாலதிபரின் மகள் அல்லவா! அந்தக் கணினியைத் தொடுகிறவர் கொப்பியில் எழுத வேண்டும் என்பது விதி. வேறு யாரும் அதை மதிக்கவில்லை. இந்த விசரி மட்டும் நாள் தவறாமல் திகதி, நேரம், கையொப்பம் என்று எழுதி வைத்தாள்.

மறித்த முப்பத்தோராம் நாள் எழுத்திலேயே கட்டளை வந்தது. மறித்த பிறகும் அந்தத் தளத்தைப் பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியல் உடனே வேண்டுமாம். கொண்டுவந்தவர் கீழே கதிரையில் காத்திருந்தார்.

கம்பனியின் இணையப் பதிவில் அந்தத் தளத்தைப் பார்த்தது ஒரே ஒரு கணினி. மஹ்ரூப் கொப்பியைப் புரட்டினார்.

“யா அல்லாஹ்! இத ஏன் எழுதி வெச்சீங்க?”

“எழுதத்தானே வேணும், சேர்.”

“கம்ப்யூட்டர் பதிவு கொழும்புலயும் இருக்கு. இந்தக் கொப்பியக் கிழிச்சாலும் தப்ப ஏலாது.”

இனி என்ன ஒளிப்பு என்று அவர் கண் முன்னாலேயே தளத்தைத் திறந்தாள். நாலாவது வரியில் இருந்தது: இராசமணி, 38, புதுக்குடியிருப்பு, வலது கால்.

“முருகா! அக்கா இருக்கிறா, சேர்! நான் இப்பவே திருகோணமலைக்குப் போறன்.”

“போய்? எப்பிடித் தெரியும்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

வாசலைத் தாண்டினால் பிடிப்பார்கள். தாண்டாவிட்டாலும் பிடிப்பார்கள். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவசரமாக ஒரு துண்டில் அக்காவின் பெயரையும் ஆஸ்பத்திரியையும் எழுதி அவர் கையில் திணித்தாள்.

“நீங்களாவது போய்ப் பாருங்கோ, சேர். கும்பிட்டுக் கேக்கிறன்.”

மஹ்ரூப் துண்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். துண்டை மேசையில் வைத்துவிட்டார்.

வந்தவர் பட்டியலுக்குப் பதிலாகக் கொப்பியையே எடுத்தார். துண்டையும் எடுத்தார்.

“இராசமணி யார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.