அசையாத சரக்கு

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் என் கணவர் மேசையைத் துடைத்து, அதன் மேல் மடிக்கணினியைத் திறந்து வைப்பார். டிவியோடு கேபிளை இணைத்ததும் எக்செல் தாள் பெரிதாக விரியும். யார் எவ்வளவு செலவு செய்தோம், எந்த ஃபண்ட் ஏறியது, எது இறங்கியது என்று வரிசையாக வாசிப்பார். கல்லூரியில் படிக்கும் மகளும் நானும் எதிரே உட்கார்ந்து கேட்போம்.

"சபை கூடிடுச்சு. எதிர்க்கட்சித் தலைவி எங்க?" என்று இந்த வாரமும் மகள் குரல் கொடுத்தாள். என்னைத்தான் சொல்கிறாள். அந்தச் சபையில் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால்தான் அவளுக்கு அது வேடிக்கை.

கணவர் ஒரு பெரிய கிடங்கில் இருப்பு மேலாளர். மூன்று மாதம் இடத்தை விட்டு நகராத பெட்டியை அங்கே அசையாத சரக்கு என்பார்கள். மஞ்சள் அட்டை ஒட்டி, கிடைத்த விலைக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். வீட்டுத் தாளிலும் அவர் அதே விதியைச் சூத்திரமாகப் போட்டிருந்தார். மூன்று மாதம் யாரும் தொடாத தொகை தானாக மஞ்சளாகும். மஞ்சளைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

நான் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். சொந்தமாகச் சிகிச்சை அறை தொடங்க வேண்டும் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். போன வருடம் அது மஞ்சளானது. கூட்டுக் கணக்கு என்பதால் என்னைக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. ஐந்து வருடம் எடுக்க முடியாத ஒரு திட்டத்தில் போட்டுவிட்டு, நான் வேலை முடிந்து வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினார். "தூங்கிக்கிட்டிருந்த பணம்மா. எழுப்பி வேலைக்கு அனுப்பிட்டேன்." முகமெல்லாம் பெருமை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அந்தப் பணம் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வாராவாரம் பச்சையில் பார்க்கிறேன். தொடத்தான் முடியாது.

அதன் பிறகு என் பெயரில் மட்டும் ஒரு கணக்கு திறந்தேன். மறைக்கவில்லை, சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறேன். விடை தெரியாமலே சேமித்தேன். இப்போது ஓர் அறையும் கிடைத்துவிட்டது. டயர்க்கடைக்கு மேலே, ரப்பர் வாடையோடு, பெரிய ஜன்னலோடு. நாளைக்குள் டயர்க்கடைக்காரருக்கு முன்பணம் கொடுத்தால் எனக்கு. இல்லையென்றால் அது ஒரு டியூஷன் வாத்தியாருக்குப் போய்விடும்.

நான் வந்து உட்கார்ந்தேன். திரையில் எக்செல் தாளுக்குப் பதிலாக ஏதோ புதிய இணையதளம் இருந்தது.

"இனிமே எதையும் கையால தட்ட வேண்டியதில்ல. எல்லாருடைய கணக்கும் ஒரே பக்கத்துல வந்து விழும்" என்றபடி கணவர் என் கைப்பேசி எண்ணை உள்ளிட்டார். சக்கரம் சுழன்று நின்றது. என் பெயருக்குக் கீழே இரண்டு கணக்குகள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது எந்தக் கணக்கு?"

"என்னோடது."

"எப்போ திறந்த?"

"போன வருஷம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "சரி, தாள்ல ஏறாம விட்டுப்போச்சு, அவ்வளவுதானே. இப்போ ஒரு ஓடிபி வரும், சொல்லு."

மேசை மேல் கிடந்த என் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

திரையில் அந்த எண் காலாவதியாக எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு கோடு தேய்ந்துகொண்டே வந்தது. இறுகிப்போன தோளில் விரலை ஊன்றிக்கொண்டு, அது தானாக இளகும்வரை பேசாமல் நிற்பது என் தொழில். மௌனம் எனக்குப் பழக்கம். அவருக்கு இல்லை. கோடு தேய்ந்து தீர்ந்ததும் மறுபடி அழுத்தினார். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது.

"உன் பணத்தைத் தூக்கிக்கிட்டா ஓடப்போறேன்?"

"ஓட மாட்டீங்க. மஞ்சளாக்குவீங்க."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"போன தடவை போட்டது எவ்வளவு ஏறியிருக்கு பார்த்தியா?"

"பார்த்தேன். அந்த ஏத்தத்தை வச்சு ஒரு அறைக்கு முன்பணம் கொடுக்க முடியுமா?"

"எந்த அறைக்கு?"

அறையையும் நாளைக் கெடுவையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "டயர்க்கடை மாடியா? முட்டி வலியோட எவன் படி ஏறி வருவான்?"

"டயர் ஏத்துற லிஃப்ட் இருக்கு. ஆளையும் ஏத்தும், கேட்டுட்டேன்."

"நட்டமானா?"

"என் நட்டம்."

"இந்த வீட்ல என் நட்டம், உன் நட்டம்னு என்னைக்காவது தனியா இருந்திருக்கா?"

"இல்ல. அதனாலதான் எனக்கு இதுவரைக்கும் லாபமும் இல்ல, நட்டமும் இல்ல."

அவர் மெதுவாக, "எங்கிட்ட கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே" என்றார். நிஜமாகவே கொடுத்திருப்பார்.

"அதான் கேக்கல" என்றேன்.

கைப்பேசியை நிமிர்த்தினேன். அவர் கேட்ட எண்ணைத் தள்ளிவிட்டு, வங்கிச் செயலியைத் திறந்து, டயர்க்கடைக்காரர் பெயரில் முன்பணத்தை அடித்தேன். அதற்கும் ஓர் எண் வந்தது. அதை நானே போட்டேன்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"நாளைக்குத்தானே கெடு. இன்னைக்கு ஒரு நாள் யோசிச்சிருக்கலாம்."

"ஒரு வருஷமா யோசிச்சாச்சு."

அவர் பழைய தாளைத் திறந்தார். புதிதாக ஒரு வரி சேர்த்து, என் கணக்கு என்று எழுதி, தொகைக் கட்டத்தில் கர்சரை நிறுத்தினார். "இதுல என்ன போடறது? காலியா விட்டா வீட்டு மொத்தமே தப்பா வரும்மா."

"வரட்டும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பார்வைக்கே ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருப்பேன். டயர்க்கடைக்காரர் அழைத்தார். பணம் வந்துவிட்டதாம், சாவியை எப்போது வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டார்.

"இப்பவே வரேன்" என்று எழுந்தேன்.

"நானும் வரேம்மா, அந்த லிஃப்ட்ல ஏறிப் பார்க்கணும்" என்று மகள் செருப்பைத் தேடினாள்.

வாசலில் நிற்கும்போது பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது. "கட்டில் எத்தனை வாங்கப்போற? மெஷின் எல்லாம் என்ன விலை வரும்?"

"எல்லாம் போட்டு வச்சிருக்கேன். எனக்குன்னு ஒரு தாள் இருக்கு."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "அதைக் கொஞ்சம் அனுப்பேன். கூட்டல் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துத் தரேன்" என்றார்.

"வேணாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.