நகர்ந்து நின்ற கட்டடம்

ஷாங்காயில் ஒரு ஜூலை மாதக் காலையில், பெய்ஃபென் என்பவளின் பஞ்சுப் போர்வை காய்வதற்காக, அறுபது மாடிக் கட்டடம் ஒன்று ஒரு பேருந்து நீளம் கிழக்கே நகர்ந்து நின்றது. பிளம் பழம் பழுக்கும் பருவத்தில் வாரக்கணக்காகக் கொட்டும் மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. அவள் குடியிருந்த சந்தில் எல்லோரும் மூங்கில் கழிகளில் போர்வைகளை மாட்டிவிட்டு, வராத வெயிலுக்காக அண்ணாந்து நின்றார்கள். எதிரே அந்தக் கட்டடம் எழும்பியதிலிருந்தே அவர்களுக்கு வெயில் இல்லை.

மற்றவர்களுக்கு ஈரப் போர்வை பழகிவிட்டது. பெய்ஃபென்னுக்கோ அன்று நிங்போவிலிருந்து அக்கா வருகிறாள். "அந்த இருட்டுப் பொந்துல தனியா கிடந்து என்னடி பண்றே, என்கூட வந்துடு" என்று வருஷக்கணக்காக ஃபோனில் நச்சரிப்பவள். "இங்க வெயில் பிச்சுக்கிட்டு அடிக்குது" என்று இவளும் வருஷக்கணக்காகப் புளுகி வந்தாள். விருந்தாளிக்குப் போடும் போர்வையில் வெயில் வாசனை இல்லையென்றால் புளுகு அம்பலமாகிவிடும், அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஐம்பது வருஷம் சண்டை போட்டுக்கொண்டே வாழ்ந்த சந்திலிருந்து கிளம்ப அவளுக்குக் கொஞ்சமும் மனசில்லை.

பூப்போட்ட பைஜாமாவோடு நேரே கட்டடத்தின் வாசலுக்குப் போனாள்.

"ஏய் நெட்டை, கொஞ்சம் தள்ளி நில்லு. எங்கக்கா வர்றா."

"கட்டடமெல்லாம் நகராதும்மா," என்றான் காவலாளி.

"உன்னையா கேட்டேன்?"

கட்டடம் நகர்ந்தது. நாற்பதாம் மாடியில் கோப்பைகளில் தேநீர் கொஞ்சம் தளும்பியது. பல் வைத்தியர் ஒருவர் மட்டும் புகார் கொடுத்தார். பிறகு அளக்க ஆள் வந்த அன்று கட்டடம் ரொம்ப யோக்கியமாகப் பழைய இடத்தில் நின்றது.

தங்கையின் துணிமணிகளை அள்ளிப் போவதற்கென்றே ஒரு காலிப் பெட்டியும், ஊர்ப் பலகாரமாக உப்பில் ஊறிய நத்தை ஒரு ஜாடியுமாக அக்கா வந்து சேர்ந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் படுத்தவள் அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே கட்டடம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"என்னடி, அது இந்தப் பக்கமா வருது?"

"வேலை முடிஞ்சிருச்சுல்ல, அதான்."

அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். காலிப் பெட்டி காலியாகவே ஊருக்குத் திரும்பியது.

மறுவருஷம் மழை விட்ட கையோடு அக்கா அதே பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். திறந்தால், உள்ளே அவளுடைய ஈரப் போர்வை.

"எங்க வீட்டுக்கு முன்னாடியும் ஒண்ணு எழும்பிருச்சு. எவ்வளவு திட்டினாலும் காதுலயே வாங்க மாட்டேங்குது."

பெய்ஃபென் சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவுக்கும் ஒரு பைஜாமா எடுத்துக் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து வருவதைக் கண்டதும், அவர்கள் வாய் திறக்குமுன்பே கட்டடம் நகர ஆரம்பித்துவிட்டது. இப்போதெல்லாம் மழை விட்ட மறுநாள் அது இரண்டு பேருந்து நீளம் தள்ளி நிற்கிறது.