மாப்பிள்ளை விட்டுப்போன கரியடுப்பு

என் கணவர் என்னை விட்டுப் போனபோது துணிமணி, காபி இயந்திரம், நல்ல தலையணை இரண்டு என்று பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார். கொல்லைப்புறத்தில் நின்ற கரியடுப்பை மட்டும் விட்டுவிட்டார். அவர் போய்ச் சேர்ந்த பெண்மணியின் வீட்டில் பால்கனி மட்டும்தானாம், அடுப்பு வைக்க இடமில்லையாம். என்னை விட்டுப் போனதற்கு இப்படி ஒரு நியாயமான காரணத்தைக்கூட அவர் சொல்லவில்லை.

விவாகரத்து முடிந்து பல மாதம் ஆகியும் என் வீட்டாருக்கு அவர் மாப்பிள்ளைதான். முன்பெல்லாம் நாங்கள் ஒன்றுகூடினால் கொல்லையில் நின்று பன்றி விலா எலும்பு சுட்டுத் தருவார். கை வைத்தால் கறி எலும்பை விட்டுக் கழன்று வரும். உண்மையைச் சொன்னால், அந்த ஆளிடம் கடைசிவரை எனக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான். அம்மா மகள் வாழ்க்கை போனதற்கு அழுதாளா, விலா எலும்பு போனதற்கு அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. "அவரைப் பத்தி என்ன வேணா சொல்லு. அந்தக் கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்பாள், எனக்கு ஆறுதல் சொல்ல வந்த நாட்களிலும்.

ஒருநாள் எரிச்சல் தலைக்கேறி, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், விலா எலும்பை நான் சுடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆனால் பின்வாங்க மனமில்லை. இது அவர் இல்லாத வீடு அல்ல, என்னுடைய வீடு. அது இவர்கள் மண்டையில் ஏற வேண்டும்.

காலையிலேயே எலும்பின் பின்பக்கத்துச் சவ்வைத் துணியால் பிடித்து உரித்தேன். அது வழுக்கும், கிழியும், கெட்ட வார்த்தை பேச வைக்கும். உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், பூண்டு, சர்க்கரை எல்லாம் தேய்த்தேன். கரியை அடுப்பின் ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, கறியை மறுபக்கம் வைத்து மூடினேன். தீ நேராகப் படக் கூடாது. சூடும் புகையும் உள்ளேயே சுற்றிச் சுற்றி மெதுவாக வேக வேண்டும். அடியில் காற்று போக ஒரு திறப்பு உண்டு, அதைத் தள்ளித் தள்ளித் தீயைக் கூட்டலாம், குறைக்கலாம். அதைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டு, அதற்குள் வந்துவிட்ட அம்மா, அண்ணன், சித்தப்பாவிடம் "யாரும் கிட்ட போகாதீங்க" என்று சொல்லி உள்ளே காய்கறி நறுக்கப் போனேன்.

என் வேலை லிஃப்ட் நிறுவனத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் எதையும் அமுக்காதீர்கள், ஆள் வருகிறது என்று சொல்வேன். போனை வைத்த கையோடு எல்லாப் பொத்தானையும் அமுக்குவார்கள். என் குடும்பமும் அந்த ரகம் என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தால் புகையைக் காணோம். மூடியில் கை வைத்தேன். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் சூடுகூட இல்லை. குனிந்து பார்த்தேன், அடித்திறப்பு முழுதாகச் சாத்தியிருந்தது.

"யார் இதைத் தொட்டது?"

அண்ணன் வானத்தைப் பார்த்தான். இன்ஷூரன்ஸ் விற்கிறவனுக்குப் பொய் சொல்லத் தெரியாதது உலக அதிசயம். "புகை ஜாஸ்தியா இருந்துச்சு. நான் கொஞ்சம்தான் சாத்தினேன்."

"நானும் கொஞ்சம்தாம்மா" என்றார் சித்தப்பா.

அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "மிச்சம் இருந்ததை நான் சாத்தினேன்."

மூன்று பேருக்கும் ஒரே யோசனை எப்படி வந்தது என்று கேட்டேன். கடைசியில் சித்தப்பாதான் உடைந்தார். "மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டேன். புகை வந்தா கொஞ்சம் சாத்தச் சொன்னார்."

"நீங்களுமா?" என்றான் அண்ணன், அவசரப்பட்டு.

ஆக, அண்ணன் வாசலில் நின்று, சித்தப்பா காருக்குள் உட்கார்ந்து, அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் மூன்று பேருக்கும் பொறுமையாக அதையே சொல்லியிருக்கிறார். மூன்று கொஞ்சம் சேர்ந்து என் தீயை அணைத்துவிட்டது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன், கத்தாத" என்றாள் அம்மா. "பயத்துல அவரை வரச் சொல்லிட்டேன். கிளம்பிட்டாராம்."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அவர்கூட பேசுங்க, வேணாங்கல. ஆனா நான் ஒண்ணு செய்றப்போ அவர்கிட்ட கேட்டீங்கன்னா, இந்த வீட்ல எனக்கு என்ன மரியாதை இருக்கு? நான் தீய்ச்சாலும் அது நான் தீய்ச்சதா இருக்கட்டும்மா. அதுக்காவது விடு."

சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. கரியைக் கிளறி மறுபடி பற்றவைத்தேன், திறப்பைப் பாதிக்குத் தள்ளினேன், மூடினேன். அம்மா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் நெருங்கினால் முறைத்தாள், சித்தப்பா நெருங்கினால் இருமினாள்.

அவர் வந்தார். தன் சொந்த இடுக்கியோடு வந்தார், அறுவைசிகிச்சைக்கு வந்த மருத்துவர் தோரணையில். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக அடுப்பிடம் போய்க் குனிந்தார்.

"கையை எடுங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா.

"காத்து அதிகமா போகுது அத்தை. கறி காஞ்சிடும்."

"காயட்டும். காஞ்சா அவ காயவெச்சது. நீங்க உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கையில் இடுக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். சித்தப்பா அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், வெறும் தண்ணீர். மத்தியானச் சாப்பாடு பொழுது சாயும் நேரத்துக்குப் போயிற்று. நான் நறுக்கிவைத்த வெள்ளரிக்காய் முழுவதையும் அண்ணன் பசியில் தின்று தீர்த்தான். ஆனால் ஒருவரும் மூடியைத் தொடவில்லை.

கறியை எடுத்து வெட்டிப் பரிமாறினேன். நடுவில் மெத்தென்று இருந்தது, ஓரத்துத் துண்டுகள் பல்லோடு சண்டை போட்டன. எல்லோரும் தட்டைப் பார்த்து மென்றார்கள். அவர் ஒரு எலும்பை நாகரிகமாகக் கடித்து, விரலைத் துடைத்து, யாராவது கேட்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்மா, உண்மையைச் சொல்லு. அவர் செய்ற மாதிரி இருக்கா?"

"இல்ல" என்றாள் அம்மா, யோசிக்காமல். "அவர் செய்றது இன்னும் நல்லா இருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்போகூட அலுமினியத் தாள்ல சுத்தி ஒரு அரை மணி நேரம் வெச்சா..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு இன்னும் ரெண்டு துண்டு வை" என்றாள் அம்மா, என் பக்கம் தட்டை நீட்டி. "அந்த ஓரத்துத் துண்டு."

அண்ணனும் தட்டை நீட்டினான். சித்தப்பா கேட்கக்கூட இல்லை, தானே எடுத்துக்கொண்டார். அவர் இடுக்கியோடு எழுந்து, நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன் என்றார். வழக்கமாக மொத்தக் குடும்பமும் வாசல்வரை போய் வழியனுப்பும். அன்றைக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"சரிங்க தம்பி" என்றாள் அம்மா, வாய் நிறையக் கறியோடு. "போறப்போ கேட்டை இழுத்து மூடிட்டுப் போங்க."

தம்பி. அண்ணன் மெல்வதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெட்கமே இல்லாமல், தட்டின் மேலேயே அழுதேன்.

"அழாம தின்னு" என்றாள் அம்மா. "ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி."