இரண்டு மூடிக்கும் சந்தனம்

பச்சியப்பனுக்கு அரூரில் எண்ணெய் மில் இருந்தது, காசு இருந்தது, கிறுக்கும் இருந்தது. இல்லாவிட்டால் எவனாவது பழைய விமானத்தை வாங்கி, அதை ஓட்டுவதற்கென்று மேட்டுக்காட்டைச் சமப்படுத்துவானா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், ஆயுத பூசைக்கு மறுநாள், முதல்முறையாக மனைவி ஜானகியம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினான்.

சனங்கள் கைதட்ட விமானம் எழும்பியது. பனைமரங்களைத் தாண்டியதுமே இஞ்சின் இருமியது, விக்கியது, நின்றேபோனது. காற்று மட்டும் இரைந்தது.

"பெட்ரோல் எறங்கலை," என்றான் பச்சியப்பன். முகமெல்லாம் வேர்வை. "டேங்கு நெறைய இருக்குது. ரெக்கை மேல டேங்கு மூடியில ஊசி ஓட்டை இருக்குமே, அது வழியா காத்துப் போனாத்தான் எறங்கும். எது அடைச்சுதோ தெரியலையே!"

அட பாவமே! நேற்று பூசையில் அந்த மூடியில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்ததே அவள்தான். மில் மோட்டார் முதல் தராசு வரை எல்லாவற்றுக்கும் வைத்த கை அது. இந்நேரம் காய்ந்து இறுகியிருக்கும்.

"பயப்படாத. அந்தப் பக்க ரெக்கை டேங்குக்கு மாத்தறேன். இஞ்சின் புடிச்சிரும், திரும்பி நம்ம காட்டுலயே எறங்கிரலாம். புடிக்கலைன்னா மட்டும் திருப்பக் கூடாது, குப்புற விழுந்துருவோம்." எப்படியும் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையில், சொல்லிக்கொண்டே திருப்பத் தொடங்கினான்.

அந்தப் பக்கத்தை மட்டும் மொட்டையாக விட்டுவிடுவாளா அவள்? சொன்னால் கொன்றே போடுவான். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். விமானம் ஒருபக்கமாகச் சரிந்தது.

"என்னங்க, திருப்பாதீங்க! அதுக்கும் நாந்தான் சந்தனம் அப்பினேன். ரெண்டு மூடிக்குந்தாங்க!"

அவளை ஒரு பார்வை பார்த்தான். திட்டக்கூட நேரமில்லை. விமானத்தை நேராக்கினான். எதிரே மாதப்பனின் கடலைக்காடு, செடி பிடுங்கி வெறுமையாகக் கிடந்தது. "குனிஞ்சு தலையைப் புடிச்சுக்க!" சக்கரம் வரப்பில் மோதித் தெறித்தது. வயிற்றால் மண்ணை உழுதுகொண்டே போய் விமானம் நின்றது.

மாதப்பன்தான் முதலில் ஓடிவந்து இருவரையும் வெளியே இழுத்தான். "அம்மா நேத்துப் போட்ட பூசைதானுங்க காப்பாத்திருச்சு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். கூட்டமும் ஆமாம் போட்டது. ஜானகியம்மாளுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. புருஷன் வாயையே பார்த்தாள்.

பச்சியப்பன் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கையை இறுகப் பிடித்தான். "பூசை இல்லப்பா, இவதான். வாயைத் தொறந்து ஒரு உண்மையைச் சொன்னா. சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் எங்களைப் பொறுக்கி எடுத்துட்டிருப்பீங்க."

"என்ன உண்மைங்க?"

"அது எங்க வூட்டு விஷயம், போடா," என்றான். ஜானகியம்மாள் அவன் தோளில் சாய்ந்து, ஊரே பார்க்க, ஓவென்று அழுதாள்.