மேல்பல்லுக்கு ஒரு சத்தியம்

தக்கலைப் பக்கம் நான் கம்பவுண்டராக இருந்த ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் கிடையாது. குறடு என் கையில்தான். வருகிறவர்கள் கேட்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வலிக்குமா, இன்றைக்குக் கஞ்சி குடிக்கலாமா, உமிக்கரி வைத்துத் தேய்க்கலாமா? கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள். “மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிரும்ணு சொல்லுதாவளே, உள்ளதா?”

பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று நாளைக்குப் பத்துத் தடவை கத்துவேன். எனக்குப் பொறுமை குறைவு. அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே இருந்தது எனக்குத் தெரியாது.

என் மனைவி நேசபாய் மிஷனுக்கு லேஸ் பின்னுகிறவள். திண்டின்மேல் நூற்றுக்கணக்கில் குண்டூசி குத்தி, மயிர்போன்ற நூலை மாற்றி மாற்றிப் போடுகிற வேலை. கண் இல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றுமில்லை. ஐம்பத்தொன்றாம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், அவளுடைய வலது கண்ணுக்கு நேர் கீழே கோரைப்பல்லில் சீழ் வைத்தது.

“வா, இன்னைக்கே பிடுங்கிப் போடுவோம்” என்றேன்.

“பைபிள்ல கைவச்சிச் சத்தியம் பண்ணுங்க, என் கண்ணு போவாதுண்ணு. உடனே வாறேன்.”

சத்தியமே பண்ணக்கூடாது என்பது வேதம். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறவனே நான்தான்.

“உள்ளதைச் சொல்லியாச்சு. சத்தியமெல்லாம் நமக்கு ஆவாது” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்போ உங்களுக்கே உறுதி இல்ல.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வலி பொறுக்காம நீயே வருவே பாரு” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அவள் வரவில்லை. உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கன்னத்தில் ஒற்றடம் கொடுத்துக்கொண்டு கிடந்தாள். நானும் வீம்பாக விட்டுவிட்டேன். நான்காம் நாள் கன்னம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது.

நாகர்கோவிலுக்குக் கொண்டு போனேன். பெரிய டாக்டர் பென்சிலின் போட்டார், பல்லை ஒரு நிமிஷத்தில் எடுத்தார். சீழ் அதற்குள் கண்ணுக்கு ஏறியிருந்தது.

“முதல் நாளே இந்தப் பல்லை எடுத்திருந்தால் கண் பிழைத்திருக்கும்” என்றார்.

பிடுங்காமல் விட்டால் கண் போகும் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. வலது கண் போயிற்று.

ஒற்றைக் கண்ணோடு மறுபடி திண்டின்முன் உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் நூல் தப்ப ஆரம்பித்தது. மறுபடி நாகர்கோவில். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“ஒரு கண் கெட்டால் சில பேருக்கு மற்றதும் தொடரும். மருந்துக்கு நிற்காது. வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடும்.”

வீட்டுக்கு வந்து, திண்டை மடியில் வைத்துக்கொண்ட பிறகு கேட்டாள்.

“இந்தக் கண்ணாவது நிக்குமா? சத்தியம் ஒண்ணும் வேண்டாம். நீங்க சும்மா சொன்னாப் போதும், நம்புவேன்.”

அலமாரியைத் திறந்து பைபிளை எடுத்தேன். அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, என் கையையும் வைத்து, போகாது என்று சத்தியம் பண்ணினேன்.

“இதை அண்ணைக்கே பண்ணியிருக்கலாம்லா” என்று சொல்லி, நேசபாய் குண்டூசியைத் தடவித் தேடினாள்.