நான்காவது தட்டு

ஞாயிறு மதியம் அகிலாவின் ஸ்கூட்டி எங்கள் படலுக்கு வெளியே நின்றபோது, முறத்தில் பாதி முந்திரிப் பருப்பு தோல் உரிக்காமல் கிடந்தது. மறுநாள் அவளுக்குக் கல்லூரியின் கடைசிப் பரீட்சை. அது முடிந்தால் மேல்படிப்புக்குச் சேலம், ஹாஸ்டல். இனி இங்கே வர அவளுக்குக் காரணம் இருக்காது.

பள்ளியில் நாங்கள் ஒரே பெஞ்ச். நீளமான ஆங்கில வார்த்தை வந்தால் நான் அதைத் துண்டுதுண்டாகப் பிரிப்பேன். துண்டுக்கு ஒன்றாக அவள் உள்ளங்கையில் தட்டுவேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் அந்தத் துண்டைத் திருப்பிச் சொல்வாள். பத்தாவதில், சுரங்க வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா படுத்த படுக்கையாகிவிட, நான் பள்ளியை விட்டு நின்றுவிட்டேன். அவள் ஜியாலஜி சேர்ந்த பிறகும், பரீட்சைக்கு முன்னால் சுரங்க டவுன்ஷிப்பிலிருந்து புத்தகத்தோடு வந்துவிடுவாள். எனக்கு மிச்சமிருந்த பள்ளிக்கூடம் அதுதான்.

அவள் உடனே உள்ளே வரவில்லை. வெளியே நின்று போனில் யாருக்கோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரடிக்ரஃபி என்று ஒரு வார்த்தை. மூன்று நான்கு முறை, தண்ணீர் குடிப்பதுபோலச் சொன்னாள்.

பிறகு வந்து என் எதிரே உட்கார்ந்து அதே வார்த்தையில் விரலை வைத்தாள்.

"மதி, இது மட்டும் வாயிலயே நுழைய மாட்டேங்குதுடி."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள்.

"கை தட்டிகினே இருந்தா பருப்ப யாருடி உரிக்கறது? சாயங்காலம் பருப்ப எடுத்துகினு போவ ஏஜெண்டு வந்து நிப்பாரு" என்றாள் அம்மா.

"நான் உரிக்கிறேன் அத்தை" என்று அகிலா கத்தியை எடுத்தாள். முதல் பருப்பே இரண்டாக உடைந்தது.

"நீ படிச்சிகினே இரு தாயீ" என்று அம்மா முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வார்த்தையின் முன்பாதி அடுக்கு, பின்பாதி எழுதுவது என்று அகிலா சொன்னாள். சுரங்கத்தின் வெட்டுமுகத்தில் செம்மண், மணல், களி, எல்லாவற்றுக்கும் அடியில் கரி என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. எந்த அடுக்கில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் சொல்லி முடிப்பாள். முடித்தால் கிளம்புவாள்.

கையை நீட்டினாள். ஸ்ட்ர. டிக். இரண்டாவதிலேயே தடுமாறினாள். மறுபடி தொடங்கினோம். மறுபடியும் அங்கேயே தடுமாறினாள்.

மூன்றாம் முறை தடுமாறவில்லை. ஸ்ட்ர. டிக். ர.

வார்த்தையை முடிக்கும் நான்காவது தட்டுக்கு ஓங்கிய என் கை அப்படியே நின்றது. முந்திரித் தோலின் செந்நிறம் விரலிடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது. கீழே, அவள் விரித்த உள்ளங்கை அசையாமல் காத்திருந்தது.